சுண்ணாம்புக் கோட்டு வீடு

அந்தத் தெருவில் ஹாரனைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு என்னவோ. அதெல்லாம் எப்போதோ காற்றோடு போய்விட்டது. ஆள் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியில் ஹாரன் வேலை செய்யாவிட்டால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தியே வழி வாங்கிவிடுவார் என்று டிப்போவில் யாரோ சொல்லப்போக, பெயர் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு எவ குடும்பம் நடத்துவா?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தங்கை வீட்டோடு இருந்தார். சரியாகச் சொன்னால், தையல் வேலை செய்யும் தங்கையும் அவள் புருஷனும் மகளும்தான் அவரோடு இருந்தார்கள். வீடு அவர் பெயரில் இருந்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தெரு முழுக்கத் தகரக் கூரைதான். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே நிற்காது. நகராட்சி இதையெல்லாம் எடுத்துவிட்டு, அதே இடத்தில் அடுக்குமாடி கட்டி ஆளுக்கொரு வீடு தருகிறோம், கீழே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கூடம், விளையாட ஓர் இடம் என்று சொன்னது. ஒரே நிபந்தனை. ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் சரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திட்டம் வேறு தெருவுக்குப் போய்விடும்.

எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஹாரனைத் தவிர. கேட்டால் ஆயிரம் காரணம் அடுக்குவார். லிஃப்ட் நின்றுவிடும் என்பார். தண்ணீர் மேலே ஏறாது என்பார். உயரத்தில் தலை சுற்றும் என்பார்.

"மேம்பாலத்து மேல பஸ் ஓட்டுறப்ப சுத்தலையா அண்ணே?" என்றாள் தங்கை.

"அது கவர்மெண்டு பாலம். விழுந்தா கவர்மெண்டு பொறுப்பு" என்றார்.

உண்மைக் காரணம் வேறு. மனிதருக்குப் பயம், அவ்வளவுதான். தகரத்துக்குக் கீழே நாலு பேரும் ஒன்றாக முடங்கிக் கிடக்கும்வரை யார் அதிகப்படி என்று யாருக்கும் தோன்றாது. சுவர் வைத்து அறை பிரித்தால் தெரிந்துவிடும். புருஷன் பெண்டாட்டிக்கு ஓர் அறை. வளர்கிற பெண்ணுக்கு ஓர் அறை. கல்யாணம் ஆகாத அண்ணன்காரன் எங்கே போவான்? இதை வாய்விட்டுச் சொல்வாரா? தலையை எடுத்தாலும் சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாக லிஃப்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் கெட்டிக்காரி. வரைபடத்தை விரித்துக் காட்டினால் ஜனங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்களே தவிர மனதில் ஒன்றும் நிற்காது என்று கண்டுகொண்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் கொட்டி, கட்டப்போகிற வீடுகளை உள்ளது உள்ளபடி முழு அளவில் கோடு போட்டுவிட்டாள். கோடு என்றால் சுவர். கோடு விட்ட இடம் கதவு. "உங்க சாமான எல்லாம் கொண்டுவந்து போட்டு ஒரு நாள் இருந்து பாருங்க. எது இடிக்குதோ சொல்லுங்க, அழிச்சிட்டு மாத்திப் போடுறேன். சுவர் எழும்பின பிறகு மாத்த முடியாது" என்றாள். அன்றிலிருந்து அவள் சுண்ணாம்பு மேடம். இருந்து பார்க்கிற அன்று சாயங்காலத்துக்குள் ஹாரனும் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த நாள் காலையிலேயே தெரு மொத்தமும் கட்டில், பானை, அலமாரியோடு மைதானத்துக்குக் குடிபோய்விட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சலூன்காரர் பக்கத்து வீட்டுக்குப் போய்க் காற்றில் கதவைத் தட்டினார். உள்ளே இருந்த அம்மாள் "யாரு?" என்று கேட்டாள். எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஹாரன் மதியம் ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். தன் வீடு என்று எழுதியிருந்த கோட்டுக்கு வந்து, நேராகச் சுவரைத் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"மாமா, சுவத்து வழியா வர்றீங்க" என்றாள் தங்கை மகள்.

"எது சுவரு? ஊதினா பறக்கும்" என்றவர், சுற்றிலும் பார்த்தார்.

கூடத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாகத் தையல் மிஷின். பால்கனி ஓரம் தங்கை மகளின் புத்தகப் பெட்டி. பெரிய அறையில் தங்கையின் பாய் படுக்கை. சின்ன அறை காலி. அவருடைய இரும்புக் கட்டில் எங்கே? வீட்டுக்கு வெளியே, கோட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில் கிடந்தது.

மிஷினுக்குக்கூட இடம் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹாரன் பேசாமல் உட்கார்ந்தால் அது விபரீதம். தங்கைக்கு அது புரிந்தது. கண்ணைக் காட்டிப் புருஷனைப் பெரிய அறைக்குக் கூட்டிப்போனாள். போனவள் கையால் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு பாவனை வேறு செய்தாள். அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டாள் மகராசி. நாள் முழுக்க மிஷின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை வேறு.

"பாத்தீங்களா, மூஞ்சியே சரியில்ல. வேணாம்னுதான் சொல்லப் போறாரு."

"கட்டில உள்ள போட்டிருக்கலாம்ல நீ?" என்றான் புருஷன்.

"எப்படிப் போடுறது? விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கிறவரு, மதியம்தான் தூங்குவாரு. சின்ன ரூம்ல ஜன்னல் வெயில் பக்கமா இருக்கு. மாத்திக் கொடுங்கன்னு காலையிலேயே மேடத்துகிட்ட சொல்லிட்டேன். மாத்தட்டும், அப்புறம் எங்க தல வச்சுப் படுப்பாருன்னு அவரே பாத்துப் போட்டுக்கட்டும்னு விட்டேன்."

"இத அவருகிட்ட சொல்லித் தொலையேன்."

"சொன்னா, எனக்கெதுக்கு ரூமு, பாப்பாவுக்குக் கொடுன்னு ஆரம்பிச்சிடுவாரு. அவ பால்கனி ஓரம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா. இங்க பாருங்க, அவரு மாட்டேன்னா விடுங்க. ஒழுகுற வீட்லயே கிடப்போம். அண்ணன் இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

இதைக் கேட்காதவர்கள் அன்றைக்கு மைதானத்தில் யாருமில்லை. சலூன்காரர் வானத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாரன் இரண்டு முழம் தள்ளி, முக்காலியில், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் என்ன மடத்தனம் பண்ணிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்.

எழுந்தார். வெளியே போய்க் கட்டிலைத் தூக்கினார். போச்சு, கட்டிலோடு கிளம்பிவிட்டார் என்று தெருவே நினைத்தது. சுண்ணாம்பு மேடத்தின் முகம் வாடிவிட்டது. தங்கை பெரிய அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஹாரன் வெளிச்சுவரை ஒட்டியே நடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசல் வழியாகக் கூடத்துக்குள் வந்தார். சின்ன அறையின் கதவுக்கு நேரே நின்று அளவு பார்த்தார். கட்டில் நுழையவில்லை. பின்னால் வந்தார். நெரிசல் சந்தில் பேருந்தைத் திருப்புகிறவர் போலக் கட்டிலைச் சாய்த்து, திருப்பி, மறுபடியும் முயன்றார். ஒரு கால் மட்டும் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு கலைந்தது. குனிந்து, கலைந்த தூளை விரலால் கூட்டி ஒழுங்காகக் கோடு போட்டார். சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

"மேடம்," என்று கூப்பிட்டார். தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "இந்தக் கதவு ஒரு சாண் அகலமா வேணும். கட்டில் போகல. அப்புறம் ஜன்னல் அந்தப் பக்கம் வரணுமாம், எங்க வீட்ல யாரோ சொல்லியிருக்காங்களாம்."

தங்கை சேலைத் தலைப்பை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்போ நீங்க சரின்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டாள் மேடம்.

"கதவ அகலப்படுத்தாம எப்படிக் குடிவர்றது?" என்றார் ஹாரன்.

தங்கை புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கு ஒரு கை கொடுக்க அறையிலிருந்து அப்படியே நேராக ஓடிவந்தான்.

"மாப்ள, நில்லுங்க," என்று அதட்டினார் ஹாரன். "சுவத்த மிதிக்காதீங்க. கதவு இருக்குல்ல, சுத்தி வாங்க."