சுண்டல் வரிசையில் நான்காவது ஆள்

1

இந்தக் கதை ஒரு பழுதான மோட்டாரில் தொடங்கியது. நான் எழுத நினைத்தது கதையே அல்ல, கட்டுரை. புரோக்ரஸிவ் ராக் கேட்பவர்களுக்குச் செவ்வியல் இசையும் பிடிக்குமா என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. அதற்காகக் குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். (இருபது நிமிடம் ஓடும் பாட்டு, நடுவில் நாலைந்து முறை மாறும் தாளம், பாடகர் எங்கே போனார் என்று கேட்க வைக்கும் வாத்தியப் பகுதி. தெரியாதவர்களுக்குப் புரோக்ரஸிவ் ராக் பற்றி இவ்வளவு போதும். தெரிந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.) நிச்சயம் பிடிக்கும், இரண்டிலும் நீளம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி முடித்தபோது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

மோட்டாரைப் பார்க்க வந்தவர் பெயர் பிரிட்டோ. மரக்காணம் உப்பளங்களில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். நாற்பது வயது இருக்கும். ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரிங் போயிடுச்சுங்க."

வேலை நடக்கும்போது அவருடைய போனில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேரிங் மாற்றி முடித்துவிட்டார். பாட்டு முடியவில்லை.

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். (பொய். மடிக்கணினியில் எழுதியதை எப்படிக் கிழிப்பது? மூடி வைத்தேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மரக்காணத்து உப்புக் குவியல்கள் வெயிலில் வெள்ளை வெளேரென்று

வேண்டாம். உப்பளத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். பிரிட்டோவுக்கு அந்த இடம் முழுக்கச் சத்தம்தான்.

"ஒவ்வொரு இன்ஜினும் ஒரு மாதிரி ஓடும்ங்க. மாயவன் அளத்துல ஒண்ணு இருக்குது. ஆறு அடி அடிச்சிட்டு ஏழாவதை முழுங்கிடும்."

"சரி பண்ணலியா?"

"பண்ணலாம். ஆனா கேக்க நல்லா இருக்குதுங்க. தண்ணியும் வருது, அவரும் ஒண்ணும் சொல்லல."

போனில் ஓடிய இந்தப் புரோக்ரஸிவ் ராக் பாட்டுகளை எங்கே பிடித்தார் என்று கேட்டேன். ஒரு வெளிநாட்டுக்காரர் அறையைக் காலி செய்யும்போது பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "மொத மாசம் ஒண்ணுமே புரியல. அப்புறம் அடிய எண்ண ஆரம்பிச்சேன். எண்ணிட்டோம்னா அது நம்மள விட மாட்டேங்குது."

எனக்கு வாயெல்லாம் பல். என் கட்டுரைக்கு ஆதாரமே நேரில் வந்து நிற்கிறதே! "அப்ப கர்நாடக சங்கீதமும் கேப்பீங்க இல்ல?"

"அய்யய்யோ, அதெல்லாம் படிச்சவங்க கேக்கறதுங்க. எங்க சர்ச் கொயர்லயே என்னைச் சேத்துக்கல."

நான் எழுதிய இரண்டு பக்கமும் போயிற்று.

3

இங்கே கலைமதி வர வேண்டும். இவளை எப்படி எழுதுவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. முதல் வரைவில் அவளுடைய பெரிய கண்களில் சோகம் ததும்பி

அடித்துவிட்டேன். அவள் கண்களை நான் பார்த்ததே இல்லை, கச்சேரியில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கைகளைத்தான் பார்த்தேன். திண்டிவனத்துக்காரி, இருபத்தொன்பது வயது, மிருதங்கம் வாசிப்பவள். ஸ்கூட்டரில் காலுக்கும் முன்பக்கத்துக்கும் இடையே மிருதங்கத்தை நிறுத்திவைத்து ஓட்டிக்கொண்டு வருவாள். மூன்று வருடமாகப் பெருமுக்கல் திருவிழாக் கச்சேரிக்கு அவள்தான்.

அந்தக் கச்சேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்பாடு செய்பவர் தனகோடி, உப்பளச் சொந்தக்காரர். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், அதாவது பாடுகிறவர் நிறுத்திக்கொண்டு மிருதங்கம் மட்டும் வாசிக்கத் தொடங்கியதும், சுண்டல் அண்டாவைத் திறக்கச் சொல்லிவிடுவார். முதலிலேயே கொடுத்தால் கூட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது, கடைசியில் கொடுத்தால் அடிதடி. "பாட்டுதான் நின்னுடுச்சே, அந்த கேப்ல முடிச்சிடலாம்" என்பது அவர் கணக்கு. மனிதரைக் குறை சொல்ல முடியவில்லை.

மேடை ஏறுவதற்கு முன் கலைமதி, பாடகி சத்யப்ரியாவிடம் சொன்னாள். (சத்யப்ரியா பிறகு எனக்குச் சொன்னார். வார்த்தைகளுக்கு அவர் பொறுப்பு.)

"அக்கா, இந்த வருசமும் எல்லா சேரும் காலியா இருந்துச்சுன்னா, இதோட விட்டுடறேன். ஓசூர் ஸ்கூல்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"எத்தனை பேரு உக்காந்திருந்தா வாசிப்பே?"

"ஒருத்தர் போதும்க்கா. நான் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்."

4

பெருமுக்கல்லில் அன்று கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததால் ஜெனரேட்டரைக் கவனிக்க தனகோடி பிரிட்டோவை அழைத்திருந்தார். பிரிட்டோ என்னை அழைத்துப் போனார். நான் மேடைக்கு முன்னால், அவர் மேடைக்குப் பின்னால்.

சத்யப்ரியா பிரமாதமாகப் பாடினார். பிறகு பாடுவதை நிறுத்தி, கலைமதியைப் பார்த்துத் தலையசைத்தார். தனி தொடங்கியது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தனியை என்னால் எழுத முடியாது, நான் கேட்கவில்லை. சுண்டல் வரிசையில் நின்றிருந்தேன். முன்னாலிருந்து நான்காவது ஆள். நீளத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியவன், முதல் தட்டு விழுந்ததுமே எழுந்து ஓடியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

ஆகவே இந்தப் பகுதி பிரிட்டோவுடையது.

குரல் நின்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கும் பாட்டுகளில் குரல் நிற்கும் இடத்தில்தானே விஷயமே தொடங்கும். ஆனால் பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல், எதுவும் சரியாகக் கேட்கவில்லை. எழுந்துபோய், மேடைப் பலகையின் அடியில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏழு ஏழா போவுதுங்க. மாயவன் இன்ஜின் மாதிரியே. ஏழாவதை முழுங்குவாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன். முழுங்கினாங்க! அப்புறம் முழுங்கினதை வேற எடத்துல கொண்டுவந்து திருப்பிக் குடுத்தாங்க பாருங்க, எந்த இன்ஜினும் அப்படிப் பண்ணாதுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"எத்தனாவது பாட்டுக்கு அப்புறம் இது?"

"எத்தனாவதா? ஆரம்பத்துலேருந்து ஒரே பாட்டு இல்லீங்களா அது?"

(கச்சேரி முழுவதையும் ஒரே பாட்டாகக் கேட்ட ஒருவரை நான் முதல்முறையாகச் சந்தித்தேன். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை திருத்தவில்லை. அவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது.)

இந்த மயக்கத்தில் பிரிட்டோ டீசல் ஊற்ற மறந்துவிட்டார். எந்த இன்ஜினையும் காயவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன, மைக் செத்தது.

6

முடிவுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

இருட்டில் மைக் இல்லாமல் அந்த நாதம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் சுண்டலைப் போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தது. (உட்காரவில்லை. சுண்டல் சூடாக, தேங்காய் போட்டு, நன்றாக இருந்தது.)

கலைமதி வாசிப்பதை நிறுத்தி, மிருதங்கத்தை உறையில் போட்டு

இதுவும் இல்லை. அவள் நிறுத்தவில்லை. சத்யப்ரியா இருட்டில் தொடையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு அது காதில் விழுந்தது. இன்னும் எனக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது.

பிரிட்டோ ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முடியாது. "டேய் பிரிட்டோ, எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று தனகோடி தலைக்கு மேல் நின்று கத்த, அவர் டீசல் கேனோடு குனிந்திருந்தார். அவளை முழுசாகக் கேட்ட ஒரே ஆள், அவள் பார்க்க முடியாத இடத்தில். அவளுக்கு முன்னால் வெறும் நாற்காலிகள்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. அதற்குப் பதிலாக, வரிசையில் என் இடத்தை உங்களுக்குத் தருகிறேன். முன்னாலிருந்து நான்காவது. இல்லை, இப்போது முதலாவது. தொன்னை கையில் வந்துவிட்டது. சுடுகிறது. பின்னாலிருப்பவர் "நகருங்க சார்" என்கிறார். இருட்டில் இருபதடி தூரத்தில் ஏழாவது அடியை ஒருத்தி முழுங்குகிறாள், திருப்பிக் கொடுக்கப் போகிறாள். டீசல் ஊற்றியாகிவிட்டது, பிரிட்டோ கயிற்றை இழுக்கிறார். இன்னும் ஒரு நிமிடத்தில் விளக்கு வந்துவிடும், ஒருத்தர் போதும் என்றவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

நாற்காலிகள் இடது பக்கம் இருக்கின்றன.