நிமோனியா என்று எழுதிய தாள்

லூர்தம்மாள் மகளின் விரல்களில் காய்ந்திருந்த பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஜெபமாலையைச் சுற்ற வேண்டும். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டு விலக மறுத்தன.

“ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிக்கிறவ கைல இம்மாம் பசை எங்கேந்து வந்துச்சி?” என்றாள் யாரையும் பார்க்காமல்.

கிறிஸ்துதாஸ் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நேற்று மாலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேனில் ஜெயசீலியின் உடலைக் கரையான்சாவடி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே ஒரு தனியார் நர்சிங் ஹோம் சீட்டு. மாரடைப்பு. அவளுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் பக்கத்து வீட்டு ரேடியோவில் பேசுவது மாதிரிதான் அவன் காதில் விழுந்தது.

பசை உரிந்து வந்தது. வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு காயம். சாம்பல் நிறம், நடுவில் சின்னக் குழி.

“இது இன்னா மாப்ளே, கொப்புளமா?”

“தெரியல அத்தை.”

லூர்தம்மாள் அந்த இடத்தில் எண்ணெய் தடவினாள். ரொம்ப மெதுவாக, வலிக்கும் என்பதுபோல. பிறகு திடீரென்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எல்லாம் என்னாலதான். அஞ்சு வயசுல இதுக்குப் பதினஞ்சு நாள் ஜுரம். மூட்டெல்லாம் வீங்கிப் பூடுச்சி. பெரியாஸ்பத்திரிக்கி இட்டுகினு போன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வேளாங்கண்ணிக்கி நேந்துகினு ஊட்லயே வெச்சிகினேன். அந்த ஜுரம்தான் நெஞ்சுல எறங்கிகீது. நேத்து அந்த ஆபீசரு கேக்கசொல்லதான் எனுக்கே ஒறைச்சிது. ‘சின்ன வயசுல எதனா சீக்கு இருந்துச்சாம்மா’ன்னாரு. சொன்னேன். எழுதிகினாரு. கையெழுத்துகூடப் போட்டுட்டேன். பெத்தவளே கொன்னுட்டேனே!”

பெண்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நேற்றிலிருந்து இது ஏழெட்டாவது தடவை. கிறிஸ்துதாஸ் சுவரைப் பார்த்தான்.

பதினோரு மணிக்கு அந்த ஆபீசரே வந்தார். ஜானகிராமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெயசீலி வேலை பார்த்த இரும்புப் பட்டறைக் கம்பெனியின் பெர்சனல் மேனேஜர். ஒரு கையில் மலர்வளையம், இன்னொரு கையில் ஃபைல். மலர்வளையத்தை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். ஒரு நிமிஷம்தான். பிறகு ஃபைலைத் திறந்தார்.

“மிஸ்டர் கிறிஸ்துதாஸ், நேரம் சரியில்லைதான். ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. அம்மா நேத்தே போட்டுட்டாங்க. ஹஸ்பெண்ட்னு உங்க கையெழுத்தும் வேணும். சாயங்காலம் அடக்கம் பண்றப்போ யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது பாருங்கோ.”

தாள் இங்கிலீஷில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஜெயசீலி அலுவலக அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். சிறு வயதிலிருந்தே இருதயம் பலவீனம். தாயார் உறுதி செய்திருக்கிறார். யார் மீதும் புகார் இல்லை.

“டாக்டர் என்ன பார்த்தாரு?” என்றான் கிறிஸ்துதாஸ்.

“ஹார்ட் நின்னுடுத்து. வேற என்ன பார்க்கணும்? எல்லாருக்கும் கடைசில நிக்கறது ஹார்ட்தானே சார்.”

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கஸ்தூரி நின்றாள். “வேப்பம்பட்டு கேட்ல ரயில்ல மாட்டிகினவனுக்கும் ஹார்ட்டுதான் நின்னுச்சி. அப்ப அவனும் ஹார்ட் அட்டாக்ல பூட்டான்னு எழுதிக்குங்க சார்.”

ஜானகிராமன் அவளைக் கவனிக்காத மாதிரி பேனாவின் மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினார். கிறிஸ்துதாஸ் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கை எழவில்லை, அவ்வளவுதான். மேனேஜர் தாளையும் பேனாவையும் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோல உட்கார்ந்தார்.

விக்தர் வந்தபோது மணி பன்னிரண்டரை. ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். ஜானகிராமனின் முகம் மாறியதைக் கிறிஸ்துதாஸ் பார்த்தான். கம்பெனி வாங்கிய சோவியத் பிரஸ் மிஷினை நிறுவ வந்தவர் விக்தர். ஐம்பத்தேழு வயது, கதவை அடைக்கும் உடம்பு. நகரத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து ரஷ்யன் படித்த ஜெயசீலிதான் எட்டு மாதமாக அவருக்கு வாய். கையில் சிவப்பு ரோஜா வைத்திருந்தார்.

“இம்மாம் பெரிய ஆளு, நாலே நாலு பூவு கொண்ணாந்துகீறாரு” என்று கஸ்தூரி முணுமுணுத்தாள்.

அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள். ஜெயசீலி சொல்லியிருக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு அவர் கொடுத்தது ஐந்து. அதை இப்போது யாருக்கும் விளக்கவேண்டும் என்று கிறிஸ்துதாஸுக்குத் தோன்றவில்லை.

விக்தர் பூக்களை வைத்துவிட்டு இடுப்பு வரை குனிந்தார். நிமிர்ந்து, கிறிஸ்துதாஸின் எதிரில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்தினார். மறுபடி இரண்டு வாக்கியம், நிறுத்தினார். மொழிபெயர்க்க இடம் விட்டு நிறுத்தும் பழக்கம். ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் அவர் கண் தானாக இடது பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை.

“ரொம்ப வருத்தப்படறார்” என்றார் ஜானகிராமன் எழுந்து. “நல்ல பொண்ணு, நல்ல வொர்க்கர்ங்கறார்.”

“உங்களுக்கு ரஷ்யன் தெரியுமா சார்?”

“தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரியறதே.” அவர் விக்தரின் தோளைத் தொட்டார். “மிஸ்டர் விக்தர், ப்ளீஸ். கார் வெயிட்டிங்.”

விக்தர் அந்தக் கையை எடுத்துவிட்டார். சுற்றிலும் பார்த்தார். ஸ்டூலில் இருந்த தாளையும் பேனாவையும் எடுத்தார். தாளைத் திருப்பிப் போட்டு, சுவரில் வைத்து வரைந்தார். ஒரு பெட்டி. அதற்குள் போகும் மூன்று கம்பி. பெட்டியின் அடியிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முடிவில் ஒன்றைவிட ஒன்று சின்னதாக மூன்று படுக்கைக் கோடுகள்.

கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றான். வேலப்பன்சாவடிக் கல்லூரியில் அவன் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அந்த மூன்று கோடுகளை வாரத்துக்கு இருபது முறை கரும்பலகையில் போடுகிறவன். எர்த். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி.

விக்தர் எர்த் கோட்டின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. பக்கத்தில் 9.3.90 என்று எழுதினார். அது போன வெள்ளிக்கிழமை. தன் நெஞ்சைத் தொட்டு, வாயைத் தொட்டார். ஜெயசீலியைக் காட்டி, மறுபடி வாயைத் தொட்டார். பிறகு நேராக ஜானகிராமனைக் காட்டினார்.

நான் சொன்னேன். அவள் சொன்னாள். இவரிடம்.

கடைசியாக, இல்லாத சின்னத் துண்டுகளைக் காற்றில் ஒட்டுவதுபோலக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் கை விறைத்து நின்றது. பெரிய உடம்பு அப்படியே நின்றது.

பிரஸ்ஸின் பேனலில் இருக்கும் ரஷ்ய எழுத்துகளின் மேல் இங்கிலீஷ் லேபிள் ஒட்ட வேண்டும், ஆபரேட்டர்கள் தடுமாறுகிறார்கள் என்று ஜெயசீலி போன வாரம் சொல்லியிருந்தாள். எர்த் கொடுக்காத பேனல். எர்த் கொடுக்கவில்லை என்று அவளே மொழிபெயர்த்துச் சொன்ன பேனல். கிறிஸ்துதாஸ் விக்தரின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டான்.

“அவர் குடிச்சிருக்கார்” என்றார் ஜானகிராமன். “அந்தத் தாளைக் குடுங்கோ.”

“குடுக்க மாட்டேன்” என்றான் கிறிஸ்துதாஸ். நேற்றிலிருந்து அவன் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அது.

ஒரு புகார். பிணப் பரிசோதனை. இன்று அடக்கம் நடக்காது. அவளைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். இதையெல்லாம் அவன் அத்தையிடம் சொல்லியாக வேண்டும். அவள் சம்மதிக்காமல் அவனால் முடியாது. சமையலறையில் அடுப்பு மூட்டாத மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போன டிசம்பரில் ஒரு நாள் ஜெயசீலி இதே இடத்தில் நின்று, பஸ்ஸில் நசுங்கிய புடவையோடு, கையைக்கூடக் கழுவாமல் பேசினாள். “விக்தரோட அப்பா பள்ளிக்கூட வாத்தியாருங்க. முப்பத்தேழுல ரகசிய போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பத்து வருஷம் தண்டனை, லெட்டர் போடக்கூடாதுன்னு மட்டும் அவரோட அம்மாகிட்ட சொன்னாங்களாம். அம்பத்தேழுல ஒரு தாள் குடுத்திருக்காங்க. நாப்பத்தி மூணுல நிமோனியால செத்துட்டார்னு. அந்தம்மா என்ன நினைச்சாங்க தெரியுமா? கூட்டிட்டுப் போனப்ப கம்பளிக் கோட்டை எடுத்துக் குடுக்க மறந்துட்டாங்களாம். கோட்டு இருந்திருந்தா குளிர் புடிச்சிருக்காதே, நான்தான் கொன்னுட்டேன்னு இருபத்தஞ்சு வருஷம் அழுதிருக்காங்க. அழுதுகிட்டே செத்தும் போயிட்டாங்க. இப்போ, இந்த வருஷம், ரெண்டாவது தாள் வந்திருக்கு. அதே ஆபீஸ், அதே மாதிரி முத்திரை. நிமோனியா இல்லியாம். பிடிச்ச ரெண்டாவது மாசமே சுட்டுட்டாங்களாம். முப்பத்தெட்டு ஜனவரி. அந்தக் கோட்டு அவருக்குத் தேவையே பட்டிருக்காது.” அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். “ஆளைக் கொன்னதுகூட விடுங்க. அந்தப் பொம்பளைக்கு ஏன் நிமோனியான்னு எழுதினாங்க?”

அவன் அப்போது பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். “அது அவங்க நாட்டு விஷயம். பசிக்குது, சாப்பிடலாம்” என்றான். அவள் கையைக் கழுவிவிட்டுச் சோறு போட்டாள்.

கூடத்தில் லூர்தம்மாள் யாரிடமோ மறுபடி ஆரம்பித்துவிட்டாள். “அஞ்சு வயசுல இதுக்கு ஜுரம்...”

கிறிஸ்துதாஸ் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தான்.

“அத்தை, அந்த ஜுரம் இல்ல.”

“இன்னா சொல்றே?”

“கரண்டு. மிஷின்ல எர்த் இல்ல. லேபிள் ஒட்டப் போயிருக்கா. கைல இருக்கே, அது கொப்புளம் இல்ல. உங்களால இல்ல அத்தை.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“இதை நிரூபிக்கணும்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். இன்னிக்கி அடக்கம் இல்ல.”

“அறுக்கவா சொல்றே? எங்கொயந்தைய?”

குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் முந்தானையால் எண்ணெய்க் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

“யோவ் ஆபீசரு.”

ஜானகிராமன் எழுந்தார்.

“நேத்து எங்கைல இன்னா கேட்டே? சின்ன வயசுல எதனா சீக்கு இருந்துச்சாம்மான்னு கேட்டே. வயித்தெரிச்சலுக்கு ஆறுதலா ஒரு மன்சன் கேக்கறானேன்னு மனசுல கீறதெல்லாம் கொட்னேன். நீ அதப் புடிச்சி எழுதிகினு கையெழுத்து வாங்கிகினே. பெத்தவ வாயாலயே பொண்ணு மேல பழி போட வெச்சியே, நீ சோறுதான துன்றே?”

“அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படறேள். போஸ்ட்மார்ட்டம்னா அறுத்துடுவாம்மா. பொண் உடம்பு. யோசிச்சுப் பாருங்கோ.”

“அறுக்கறவன் அறுத்துட்டு, உள்ள இன்னா கீதோ அத்த எழுதுவான். நீ அறுக்காமயே எழுதிகினு வந்தியேடா!”

விக்தர் சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. லூர்தம்மாள் மலர்வளையத்தைத் தூக்கி ஜானகிராமனின் கையில் திணித்தாள்.

“மாப்ளே, நீ ஸ்டேஷனுக்குப் போ. பாதர்கைல நான் சொல்லிக்கறேன்.”

கடைத்தெருவில் தாளின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தான். அசலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ஸ்டேஷனில் ரைட்டர் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குழி வெட்டினப்பறம் வந்து நிக்கிறியேய்யா. சரி, சொல்லு. காரணம் இன்னான்னு போடறது?”

“தெரியலைன்னு போடுங்க. விசாரிச்சு அப்பறம் எழுதுங்க. மாரடைப்புன்னு மட்டும் போடாதீங்க.”

ரைட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சந்தேக மரணம் என்று எழுதினார்.

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஜெயசீலியை ஏற்றினார்கள். லூர்தம்மாள் கூட ஏறிக்கொண்டாள். ஏறுவதற்கு முன் அவனிடம், “கல்லறைல கஜபதி காத்துகினு இருப்பாரு, போய் சொல்லிட்டு வா” என்றாள்.

கஜபதி குழியை வெட்டி முடித்து, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் பீடியை அணைத்தார்.

“இன்னா நைனா, நீ மட்டும் வர்றே? பாடி எங்கே?”

“இன்னிக்கி இல்லண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. நாளைக்கி இல்லாட்டி மறுநாள்.”

“ஹார்ட்டுன்னு சொன்னாங்க?”

“கரண்டு அடிச்சி செத்துட்டா. கம்பெனில.”

கஜபதி காம்பவுண்டுச் சுவரில் சாய்த்திருந்த தகரத்தை இழுத்து வந்தார். “தெறந்து கெடந்தா ஆடு மாடு வியுந்துடும். அந்தப் பக்கம் புடி.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குழியின் மேல் போட்டார்கள். தகரம் ஒரு முழம் குறைந்தது.

“கால்மாட்டுப் பக்கம் தெறந்துனு இருந்தா பரவால்லியா?”

“பரவால்ல.”

காற்றில் தகரத்தின் ஓரம் எழும்பித் தட்டியது. கிறிஸ்துதாஸ் ஒரு கல்லைத் தூக்கி வந்து வைத்தான். போதவில்லை. இன்னொன்று எடுக்கப் போனான்.