கொழுந்தன் மன்னிப்புக் கேட்கப் போனான்

அந்தத் தீவைச் சுற்றி வர வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். கோடை வந்தால் போதும், ஊரில் பாதிப் பேர் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். கடலோரச் சாலையில் ஊர்ந்து, கண்ட இடத்தில் கூடாரம் அடித்துப் படுத்து, தோல் உரிந்து திரும்பி வந்து, எங்கள் கறிக்கடை வாசலில் நின்று அந்த நீலத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். நான் எலும்பு வெட்டிக்கொண்டே கேட்பேன். எத்தனை வருஷத்துக்குத்தான் அடுத்தவள் பார்த்த கடலையே கேட்டுக்கொண்டிருப்பது? இந்தக் கோடையில் கடையைப் பூட்டியே தீருவேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

கொழுந்தனையும் கூட்டிப் போகலாம் என்றதும் நான்தான். என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி அவன். எங்கள் கடையில் அண்ணன், நான், அவன் என்று மூன்று பேர் வெட்டுவோம். வேலையில் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. சந்தையில் ஒருத்தனின் மண்டையை எடைக்கல்லால் பிளந்துவிட்டு ஜெயிலுக்குப் போனான். உள்ளே ஒழுங்காக நடந்துகொண்டான் என்று பாதியில் விட்டார்கள், ஆனால் சும்மா விடவில்லை. இன்னொரு அடிதடி வழக்கு அவன் பெயரில் வந்தால் மிச்ச வருஷம் மொத்தத்தையும் உள்ளேதான் கழிக்க வேண்டும்.

இதற்கிடையில் அவன் பெண்டாட்டிக்கு அடுத்த மாதம் பிரசவம். தாய் வீட்டுக்குக் கிளம்பும் முன்பு அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். இனி எவன் மேலும் கை ஓங்க மாட்டேன் என்று அவன் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துவது என் வேலையாகிவிட்டது. நான் எவ்வளவு பொறுமைசாலி என்று எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துவிட்டுப் போவார்கள்.

கடை வண்டியைத்தான் கழுவி, பின்னால் மெத்தை போட்டு ஓட்டிக்கொண்டு போனோம். எத்தனை வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் கறி வாசனை போகாது. ஐஸ் பெட்டியில் அரை ஆடு, பக்கத்தில் சாக்கில் சுற்றிய வெட்டுக்கத்தி. ஊருக்குப் போகிறவர்கள் சீப்பும் துண்டும் எடுத்து வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி நாங்கள் கத்தியை எடுத்து வைத்தோம். அது தப்பு என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் இரண்டு நாளும் சொர்க்கம். ஒரு பக்கம் வெள்ளைப் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் எங்கள் வண்டி. வளைவு திரும்பும்போதெல்லாம் கொழுந்தன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவான். பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்ததும் இங்கே கூட்டி வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வழியில் ஒரு மஞ்சள் ஜீப் பின்னாலேயே ஹாரன் அடித்து வந்து, முந்திப் போகும்போது எங்கள் பக்கக் கண்ணாடியைத் தட்டிப் பெயர்த்துவிட்டது. நான் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். கொழுந்தன் மட்டும் இரண்டு கையையும் கக்கத்தில் அழுத்திக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஜெயிலில் கற்றுக்கொண்டானாம். கை சும்மா இருந்தால்தான் கோபம் அதில் வந்து உட்காருமாம். அண்ணி, நீங்களும் பழகிப் பாருங்கள் என்று எனக்கே புத்தி சொன்னான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு வளைகுடாவில் கூடாரம் அடித்தோம். மணலுக்கு மேலே புல்தரை, அங்கங்கே பத்துப் பதினைந்து கூடாரங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். சரிவில் எங்களுக்குக் கீழே அந்த மஞ்சள் ஜீப் நின்றது. நாலு ஆம்பிளைகள், நல்ல தாட்டியான ஆட்கள். அந்த ஜீப்காரன் கழுத்துக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் ஒரு தொடையை எடுத்துக் குழாயடியில் கழுவினேன். கடையில் எப்படிக் கழுவுவேனோ அப்படி, குழாயைத் திறந்துவிட்டு, நிதானமாக. கடைத் தரையில் சாக்கடைக்கு வழி இருக்கிறது. இங்கே ரத்தத் தண்ணீர் புல்லில் வழிந்து சரிவில் இறங்கி நேராக அவர்கள் கூடாரத்துக்குள் போய்விட்டது. படுக்கை, துணி எல்லாம் நனைந்துவிட்டது. ஜீப்காரன் கத்திக்கொண்டு வந்தான். தப்பு என் பேரில்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்ததும் வந்த முதல் வார்த்தை என் அம்மாவைப் பற்றியது. அப்புறம் நான் விடுவேனா? கண்ணாடியைப் பெயர்த்ததில் ஆரம்பித்து வட்டியும் முதலுமாகக் கொடுத்தேன். அவன் என் அடுப்பை ஓர் உதை விட்டான், கறிச்சட்டி புல்லில் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து கும்பிட்டு அவனைத் திருப்பி அனுப்பினார்.

கொழுந்தன் அப்போது வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மிச்சக் கறியை வெட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். எழுந்து வந்தவனின் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை.

"விடுங்கண்ணி. தப்பு நம்மதுதானே? நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். ராத்திரி நிம்மதியா தூங்கலாம்."

போய்ட்டு வா தம்பி என்றேன். என் வீட்டுக்காரர்கூட அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவன் சரிவில் இறங்கிப் போனான். இடுப்பில் ரத்தக் கறை படிந்த ஏப்ரன், முழங்கை வரைக்கும் ரத்தம், வலது கையில் வெட்டுக்கத்தி. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். விடிந்ததிலிருந்து கடை அடைக்கிற வரைக்கும் அது அவன் கையில்தான் இருக்கும். வாடிக்கையாளரிடம் சில்லறை வாங்கும்போதும் இருக்கும், மூக்கைச் சொறியும்போதும் இருக்கும். எங்கள் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. மற்ற கூடாரத்துக்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

தம்பி, கத்தி என்று அலறினேன். அதற்குள் ஒருத்தன் கூடார முளை அடிக்கிற சுத்தியலால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்துவிட்டான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியாதா? மேலே நின்ற என் காதிலேயே கேட்டது. கத்தி கீழே விழுந்தது. அடுத்த அடி தாடையில். பிறகு ஜீப்காரனைத் தவிர மற்ற மூன்று பேரும் சூழ்ந்துகொண்டார்கள். சுத்தியல், பூட்ஸ் கால், இரும்பு முளை, கைக்குக் கிடைத்தது எல்லாம். கொழுந்தன் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்த மூன்று பேரில் ஒருத்தனும் எழுந்து நின்றிருக்க மாட்டான். அவன் சுருண்டு படுத்து, உடைந்த கையையும் உடையாத கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டான். கத்தி எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் கிடந்தது. அவன் அதன் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. உதை விழ விழ வாயிலிருந்து ரத்தமும் பல்லும்தான் வந்தன, கை வெளியே வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடினார். ஒரு கோழியைப் பிடிக்கவே நாலு தடவை யோசிக்கிற மனுஷன். ஜீப்காரன் அவரைப் பாதி வழியில் மறித்து, பின்னாலிருந்து கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்து இறுக்கினான். இரண்டு பேரும் அவர்களுடைய பெரிய கூடாரத்தின் மேல் விழ, அது சரிந்து, மற்ற மூன்று பேருக்கும் இவர்களுக்கும் நடுவில் திரை மாதிரி மடிந்து நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் நீலம் பூத்துவிட்டது. கால் மட்டும் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. விடுடா, விடுடா என்று ஜீப்காரன் முதுகில் குத்தினேன், முடியைப் பிய்த்தேன், காதைக் கடித்தேன். அவன் ஒரு முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டு இன்னும் இறுக்கினான். வீட்டுக்காரரின் கால் உதைப்பதை நிறுத்தியது.

ஓடிப் போய்க் கத்தியை எடுத்து வந்தேன். உதைக்கிற வெறியில் அந்த மூன்று பேரும் என்னைக் கவனிக்கவில்லை. பொறுமை, பொறுமை என்று இத்தனை நாளாக நான் நடத்திய பாடம் எங்கே போனதோ. தோளில் மூட்டு எங்கே சேரும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் தவறாது, அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே வெட்டினேன். ஒரே வெட்டு. கை இறுக்கம் விட்டுத் தொங்கியது. என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். ஜீப்காரன் என்னைப் பார்க்கவே இல்லை, குப்புற விழுந்து மாடு மாதிரி அலறினான். கத்தியைத் தூக்கி எறிந்தேன். அது போய்க் கொழுந்தன் பக்கத்திலேயே விழுந்து தொலைந்தது. அந்த அலறலில்தான் மற்ற மூன்று பேரும் உதைப்பதை நிறுத்தினார்கள். பிறகு வெட்டின நானே என் துப்பட்டாவைக் கிழித்து அவனுக்குக் கட்டுப் போட்டேன். எங்கே அழுத்தினால் ரத்தம் நிற்கும் என்பதும் எனக்குத்தானே தெரியும்.

போலீஸ் வந்தபோது வெயில்கூட இறங்கவில்லை. கடல் அதே நீலத்தில்தான் இருந்தது, சனியன். ஜீப்காரனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். யார் வெட்டினது என்று தெரியாது, கத்தியோடு வந்தவன்தான் வெட்டியிருப்பான் என்று அவன் சொன்னானாம். அவன் கூட்டாளிகளோ, இவன் வந்ததும் வராததுமாக வெட்டினான், அதற்குப் பிறகுதான் நாங்கள் அடித்தோம் என்று ஒரே குரலில் சாதித்தார்கள். சும்மா சுருண்டு கிடந்தவனை அடித்தோம் என்று சொல்ல அவர்களுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? கூடாரத்துக்காரர்கள் பொய் சொல்லவில்லை. கத்தியும் ரத்தமுமாக இறங்கி வந்த ஓர் ஆளைப் பார்த்தோம் என்றார்கள். பார்த்ததைத்தானே சொல்வார்கள். கொழுந்தனால் தாடையை அசைக்கவே முடியவில்லை.

நான் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, வெட்டினது நான்தான் என்றேன். அவர் என் கிழிந்த துப்பட்டாவையும், அதன் மிச்சத்தில் போட்ட கட்டோடு ஜீப்காரன் ஏறிய ஆம்புலன்ஸையும் பார்த்தார். வயசான மனுஷன், கெட்டவரும் இல்லை.

"எல்லா வீட்லயும் அண்ணிங்க இப்படித்தாம்மா சொல்றாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கத்தினேன், மண்ணை வாரித் தூற்றினேன், வெட்டினது எப்படி என்று கையை ஓங்கிக் காட்டினேன். இரண்டு பெண் போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருந்தது நீங்கள் ஒருத்தர்தான், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவர்தான் பார்த்தாரே. என் பேரில் வழக்கு எதுவும் கிடையாது, புருஷன் கழுத்தை நெரித்தவனை வெட்டினேன் என்றால் எந்த நீதிபதியும் கொஞ்சம் யோசிப்பார். கொழுந்தனுக்கு அப்படி யோசிக்க யாரும் இல்லை. சொல்லுங்க, சொல்லுங்க என்று அவரையே பார்த்தேன். அவர் கழுத்தில் கை இறுக்கிய தடம் சிவந்து கிடந்தது. தலையைச் சொறிந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"தம்பிதான் சார்."

கொழுந்தன் தலையைத் தூக்கினான். அண்ணனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் நான் தேடிய கோபம் இல்லை. ஆமாம் என்பது போல் இன்ஸ்பெக்டரிடம் மெல்லத் தலையாட்டினான். அந்தப் பாவி அதையும் பொறுத்துக்கொண்டான். வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்ததால் விலங்கு ஏறவில்லை, இடது கையில் மட்டும் மாட்டி போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பெண் போலீஸ் பிடியை விட்டதும் நான் நேராக என் வீட்டுக்காரரிடம் போனேன். அறைந்தேன். கன்னத்தில், வாயில், கழுத்தில் அந்தச் சிவந்த தடத்தின் மேலேயே. அவர் தடுக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகும் அறைந்தேன். ஆடு வெட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், கூடப் பிறந்தவனை ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார். அவர் அழுதபடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ உள்ள போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

"இப்ப மட்டும் நான் உங்ககூட இருக்கேன்னு யாரு சொன்னா?"

கையை உருவிக்கொண்டு, போலீஸ் ஜீப் போன பாதையில் நடக்க ஆரம்பித்தேன்.