சுவரை விட்டு இறங்கிய மாரியம்மன்

அந்த அம்மாள் தீக்குச்சியை உரசப் போனாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் பழைய கோயில் ஓவியங்களைக் கண்காட்சிக்கு வைத்திருக்கிறோம். எல்லாம் இரவல், பொறுப்பு என்னுடையது. துளி புகை பட்டாலும் அலாரம் அலறும், கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும், அத்தனை படங்களும் பாழ். இவளோ மாரியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் சூடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஆன்டி, இது கோயில் இல்ல லா! மியூசியம்!”

“எங்க ரப்பர் தோட்டத்துக் கோயில்ல இருந்த படம்மா இது. கோயில இடிச்சுட்டாங்க. இவ இங்க இருக்கான்னு கேள்விப்பட்டு மேருவுலேர்ந்து பஸ் ஏறி வரேன்.” பவுனம்மாள் என்று பெயர் சொன்னாள். “என் மக தாமரைக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. கிள்ளான் ஆஸ்பத்திரில இப்ப ஆபரேஷன் நடக்குது. இவளுக்குச் சூடம் ஏத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். கைய விடு.”

“கும்பிட்டுட்டுப் போங்க. நெருப்பு மட்டும் வேணாம்.”

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. அந்தப் பூசாரி நீதானா?”

சுருக்கென்றது. காவலாளி வேறு எழுந்து வந்துகொண்டிருந்தார். ஏற்றாமல் இவள் போகமாட்டாள், ஏற்ற நான் விடமுடியாது. அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள்.

கோயிலுக்குள் வரமுடியாதவர்களுக்காகத்தானே சாமி வீதிக்கு வருகிறது? யோசித்தால் பயம் வந்துவிடும். கையுறைகூடப் போடாமல் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“தாக் போலே, சிக்!” கூடாதென்று காவலாளி மலாயில் கத்தினார்.

“வாங்க ஆன்டி” என்று வாசலைத் தாண்டிக் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தேன்.

எட்ட நின்று பவுனம்மாள் சூடத்தை ஏற்றினாள். அதற்குள் கலைக்கூட இயக்குநர் நிர்மலன் ஓடிவந்தார்.

“யாரைக் கேட்டுப் படத்த எடுத்தீங்க, ஷாமினி? உங்க வேலை போச்சு!”

பவுனம்மாளின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

“மருமகன்தான். எனக்குப் பயமாருக்கு. யாராச்சும் பேசுங்க.”

என் இரண்டு கையிலும் படம். நிர்மலன்தான் போனை வாங்கினார். கேட்கக் கேட்க அவர் கோபம் வடிந்தது.

“மகள் பிழைச்சிட்டாங்க, அம்மா. குழந்தைதான்...” இல்லையென்று தலையை அசைத்தார்.

பவுனம்மாள் தட்டைப் பிடித்தபடியே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மகளத்தான் கேட்டேன். குடுத்துட்டா.”

தட்டை நிர்மலனிடம் நீட்டினாள். என் வேலையைப் பறிக்க வந்தவர் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் படத்தை விடமுடியாமல் நின்றேன்.

“உனக்கு நான் ஒத்துறேம்மா” என்று தன் உள்ளங்கையைச் சுடரில் காட்டி என் கண்களில் வைத்தாள். நான் விம்மி அழுதுவிட்டேன்.