உடனே வந்த பதில்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். ரயில்வே கேட்டுகளிலிருந்து வந்து குவியும் லாக் பதிவு வரிகளை நாள் முழுக்கச் சலித்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தென்பட்டால் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. துணைக்கு ஒரு மென்பொருள் உண்டு. கேட் பதில் சொல்லத் தாமதித்தால் சிவப்பு காட்டும். மற்றபடி வாயைத் திறக்காது.

அன்று பிற்பகல் பள்ளிக்கூடச் சாலை கேட்டின் வரிகளில் கண்ணை ஓட்டினாள். 'மூடு' என்ற கட்டளை அப்போதுதான் போயிருந்தது. அதே நொடியில் 'மூடியாயிற்று' என்று பதிலும் வந்திருந்தது. மென்பொருளுக்கு ஏகத் திருப்தி. சீக்கிரம் வந்த பதில் நல்ல பதில். அவளுக்கோ அதுவே இடித்தது. அவ்வளவு நீளக் கம்பம் ஆடி அசைந்து இறங்கவே நேரம் பிடிக்குமே. மேலே தள்ளிப் பார்த்தாள். காலையில் எல்லாம் ஒழுங்கு. மதியம் பழுதுபார்க்க ஆட்கள் வந்து போனதாக ஒரு வரி இருந்தது.

பள்ளி விடும் நேரம். ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கேட்டைத்தான் கடந்து வருவார். அவருக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார். அந்த நல்ல குணத்தை அவளே ஊரெல்லாம் மெச்சியிருக்கிறாள்.

கண்ட்ரோல் ரூம் பொறுப்பாளரைப் போனில் பிடித்து, வந்துகொண்டிருக்கும் ரயிலை நிறுத்தச் சொன்னாள். தன் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்றார் அவர். காரணமில்லாமல் ரயிலை நிறுத்தினால் இருவர் தலையும் உருளும் என்றார்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா?"



"தெரியல சார். தப்பா இருந்தா என் வேலை போகட்டும். இப்ப நிறுத்துங்க."

மறுமுனையில் பெருமூச்சு. பிறகு அவர் ரயில் ஓட்டுநரிடம் பேசுவது கேட்டது. ரயில் என்ன, கை காட்டிய இடத்தில் நிற்கும் ஆட்டோவா? ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

கடைசியில் பொறுப்பாளர் குரல் வந்தது. அதில் பழைய அதிகாரம் இல்லை.

"நின்னிருச்சும்மா. கம்பம் வானத்தைப் பாத்து நிக்குதாம். தண்டவாளத்து மேல லாரி, பின்னாலயே ஸ்கூல் வேன்."

மதியம் பழுதுபார்க்க வந்த ஆட்கள் சோதனைக்காக இரண்டு வயர்களைச் சேர்த்து முறுக்கிவிட்டு, அவிழ்க்காமலே போயிருந்தார்கள். அதனால் கேட் அசையாமலே மூடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரே அழைத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். எதற்கு இத்தனை தடவை கூப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு, எவனோ ரயிலைக் கேட்டுக்குப் பக்கத்தில் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறான், ஒரே நெரிசல் என்று அலுத்துக்கொண்டார். "பிள்ளைங்களை விட்டுட்டு நேரா வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த ஆட்கள் அதே மதியம் வேறு கேட்டுகளுக்கும் போயிருந்தார்கள். அத்தனை வரிகளையும் உடனே பார்த்தாக வேண்டும். கை நடுங்கியதில் மவுஸ் ஓரிடத்தில் நிற்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரியைக் கூப்பிட்டாள்.

"நீ நகர்த்து. நான் பாக்கறேன்."