இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு என்ன குறை?

சனிக்கிழமை காலையில் நான் வெள்ளைப் பலகையில் உயிரெழுத்து எழுதி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஐரிஷ்காரர்கள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். கிழக்கு இலண்டனில், எங்கள் பேட்டை நூலகத்தின் மாடி மண்டபத்தை ஒரு மடிப்புத் தடுப்பு இரண்டாகப் பிரித்தது. இந்தப் பக்கம் எங்கள் தமிழ் வகுப்பு, அந்தப் பக்கம் அவர்களுடைய ஐரிஷ் மொழி வகுப்பு. தடுப்பு என்று பெயர்தான். இங்கே ஒரு பிள்ளை தும்மினால் அங்கிருந்து யாராவது 'பிளஸ் யூ' சொல்லும் அளவுக்கு மெல்லியது.

எனக்கு அவர்களைப் பிடிக்காது. எங்கள் நாற்காலிகளை எடுத்துப் போவார்கள், திருப்பி வைக்கமாட்டார்கள். அவர்கள் வகுப்பில் சின்னப் பிள்ளைகள் கிடையாது. எல்லாம் நரைத்த தலைகள், நர்ஸ்கள், ஒரு பஸ் டிரைவர். தாத்தா பாட்டி பேசிய மொழியை நாற்பது வயதுக்கு மேல் டியூஷன் வைத்துப் படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அவர்களுக்கும் எங்களைப் பிடிக்காதுதான். அதில் நியாயம் உண்டு. எங்கள் மீன் ரோல்ஸ் வாசனை மண்டபத்தை விட்டுப் போக அடுத்த சனிக்கிழமை ஆகிவிடும். அதைவிடப் பெரிய கொடுமை எங்கள் மைக். ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளிடம் 'சத்தம் போடாதீங்கோ' என்று சொல்லக்கூட எங்கள் தலைவர் ஆனந்தராஜாவுக்கு மைக் வேண்டும். மைக் இல்லாமல் தமிழ் வளராது என்பது அவருடைய எண்ணம்.

ஆனந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்து, இப்போது செவன் கிங்ஸில் இரண்டு கடை வைத்திருக்கிறார். நான் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். என் பெயர் பவளக்கொடி. அவருக்கு நான் 'ரீச்சர்', அவ்வளவுதான். நான் படித்தது அரசாங்கம் சம்பளம் கொடுத்து நடத்திய தமிழ்ப் பள்ளியில். அதனால் ஒரு நூலகத்தின் ஓசி அறைக்காக நாம் கும்பிடு போடுவது எனக்கு ஆரம்பத்திலிருந்தே வயிற்றெரிச்சல். ஆனாலும் அந்த அறை இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. வாடகைக்கு மண்டபம் எடுக்கலாம் என்று பேச்சை எடுத்தாலே பெற்றோர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த அறைக்குத்தான் 2008 வசந்தத்தில் ஆபத்து வந்தது. மொழிபெயர்ப்புக்கும் வேற்று மொழிகளுக்கும் செலவழிப்பதைக் குறைத்து, அதை ஆங்கிலம் கற்பிக்கச் செலவிடுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம். இனிமேல் இரண்டு வகுப்புக்கும் இலவச இடம் கிடையாது, எது உண்மையிலேயே தேவை என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றது நூலகத்தை நடத்தும் உள்ளூர் கவுன்சில். நூலகங்களைக் கவனிக்கும் கவுன்சிலர் ஹிலாரி அம்மா நேரில் வந்து இரு தரப்பையும் கேட்பார் என்றும் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை, தேநீர் இடைவேளையில், தடுப்பின் ஓரக் கதவைத் தட்டிக்கொண்டு ஐரிஷ் வகுப்பு நடத்தும் நோரீன் வந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் மேட்ரனாக, அதாவது தலைமை நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்ற மிடுக்கு இன்னும் போகவில்லை. சிரிக்கவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை.

"எனக்கு உங்கள் மைக்கைப் பிடிக்காது. உங்களுக்கு எங்கள் பாட்டுப் பிடிக்காது. ஆனாலும் இதைக் கேளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "கவுன்சிலிடம் சேர்ந்தே போவோம். இரண்டு மொழியும் இருக்கட்டும் என்று கேட்போம். அவர்கள் கைவிட்டாலும் எங்கள் தேவாலயத்தின் பின்னால் இரண்டு அறைகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் ஐரிஷ்காரர்களுக்கு டப்ளின் அரசாங்கம் உதவிப் பணம் தருகிறது. வாடகைக்கு அதைத்தான் கேட்கப்போகிறேன். பக்கத்துச் சமூகத்தோடு சேர்ந்து நடத்துகிறோம் என்று எழுதினால் இரண்டு அறைக்கும் கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்."

ஆனந்தராஜா மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். ஒரு மீன் ரோலும் கொடுத்தார். நோரீன் போனதும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளே ரீச்சர்? பயந்திட்டினம்! அதுதான் எங்களோட ஒட்டப் பாக்கினம்."

"அண்ணே, அவங்க சொல்றதுல என்ன தப்பு? சேர்ந்து போய்க் கேட்டா ரெண்டு பேருக்கும்தானே நல்லது?"

"உங்களுக்கு விளங்கேல்லை. கவுன்சில் எங்களைத்தான் எடுக்கும். நாங்கள் அகதியளா வந்த சனம். அவையள் வெள்ளைக்காரர். வீட்டில கதைக்கிறது இங்கிலீஷ், வேலையில கதைக்கிறது இங்கிலீஷ். என்ன குறையெண்டு சொல்லிக் கேப்பினம்? அவையளோட சேர்ந்தால் எங்கட கேஸும் கெட்டுப்போகும்."

"நம்ம பிள்ளைங்க வீட்டுல என்ன பேசுறாங்களாம்?"

அவர் பொன்னாடை விஷயத்துக்குத் தாவினார். கமிட்டியில் மற்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம். ஹிலாரி அம்மாவுக்குப் போர்த்த, அப்டன் பார்க் கடைத்தெருவில் என்ன நிறத்தில் பொன்னாடை வாங்குவது என்பதில்தான் மிச்ச நேரமெல்லாம் போயிற்று.

கூட்டத்தன்று தடுப்பை முழுக்க மடித்து ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் பெற்றோர்கள் பட்டுச் சேலையிலும் கோட்டிலும் வந்திருந்தார்கள். ஐரிஷ்காரர்கள் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹிலாரி அம்மா வாசலில் கால் வைத்ததும் ஆனந்தராஜா மஞ்சள் பொன்னாடையைப் போர்த்தினார். எங்கள் பக்கம் பலத்த கைதட்டல். அந்த அம்மா கழுத்தில் யாரோ ஈரத் துண்டைப் போட்டதுபோல விறைத்து நின்று, பிறகு சிரித்தார்.

நோரீன் முதலில் பேசினார். மைக்கைத் தொடவில்லை.

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியும். மறைக்கவில்லை. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் அது மறந்துபோனது. ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேட்டார், ஒருவருக்கும் புரியவில்லை. எங்கள் நாட்டில், எங்கள் சொந்த நாட்டில். சுதந்திரம் வாங்கி எண்பது வருடம் கழித்துத்தான், ஐரிஷில் எழுதும் கடிதத்துக்கு அரசாங்க அலுவலகம் ஐரிஷில் பதில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்னொரு மொழி தெரியும் என்பதற்காக என் மொழி எனக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

அடுத்து ஆனந்தராஜா. மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அன்றைக்கு நன்றாகத்தான் தொடங்கினார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்த தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நாட்டில் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் வந்ததும் தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. அப்பா அதற்கு முன் சிங்களப் பகுதியான குருநாகலில் வேலை பார்த்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'உனக்குத்தான் சிங்களம் நன்றாகத் தெரியுமே, உனக்கெதற்குத் தமிழ்?' என்று மேலதிகாரி கேட்டாராம். அப்பா பரீட்சை எழுதவில்லை. சம்பள உயர்வு நின்றது, கடைசியில் வேலையும் போனது. நோரீன் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் டிரைவர் மூக்கைச் சிந்தினார். மண்டபம் எங்கள் கையில் இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மைக் கையில் இருக்கும் ஆனந்தராஜா எங்கே நிறுத்துவார்?

"என் அயர்லாந்து நண்பர்களை நான் மதிக்கிறேன்" என்று தொடர்ந்தார். "ஆனால் உண்மையைப் பேச வேண்டும். இவர்களில் ஆங்கிலம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு மொழி வெறும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு ஏன் பொதுப் பணம்?"

பாவி மனிதா என்று என் வாய்க்குள் வந்துவிட்டது. அந்த மேலதிகாரியின் கேள்வியை இவர் வாயாலேயே கேட்டுவிட்டார், அதுவும் மைக்கில். எங்கள் பக்கம் கைதட்டினார்கள். ஐரிஷ்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. நோரீன் மட்டும் தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரியில் அந்தப் பார்வைக்கு எத்தனை டாக்டர்கள் நடுங்கினார்களோ.

ஹிலாரி அம்மா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ்டர் ஆனந்தராஜா சொல்வதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அதுதான் சரியான அளவுகோல்" என்றார். பிறகு முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமியைப் பார்த்துக் குனிந்தார். அது ஆனந்தராஜாவின் மகள் சயந்தினி, பத்து வயது. "நீ வீட்டில் என்ன மொழி பேசுவாய், செல்லம்?"

"இங்கிலீஷ்" என்றாள் அவள், ராணி வீட்டுப் பிள்ளை மாதிரியான உச்சரிப்பில். "நாங்கள் எல்லோரும் இங்கிலீஷ்தான். அப்பா கோபம் வந்தால் மட்டும் தமிழ்."

மண்டபமே சிரித்தது. ஆனந்தராஜாவும் சிரித்தார். சிரித்துவிட்டு அந்த மனிதர் மைக்கிலேயே பெருமையாகச் சொன்னார்: "கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வுக்கான மாதிரிப் பரீட்சையில் இவள்தான் முதலாவது! எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர்கள்!" சுற்றி இருந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளையும் முன்னால் தள்ளினார்கள். ஒருவர் மதிப்பெண் சொன்னார், இன்னொருவர் மகன் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதைச் சொன்னார். பிள்ளையின் ஆங்கிலத்தைப் பாராட்ட ஒரு வெள்ளைக்காரி கிடைத்தால் எங்களவர்களுக்குக் கண் மண் தெரியாது. நான் ஆனந்தராஜாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, போதும்ணே" என்றேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

ஹிலாரி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அற்புதம். நீங்கள் எல்லோரும் இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்படியென்றால் இந்த மண்டபம் ஆங்கிலம் தெரியாதவர்களுக்குத்தான் போக வேண்டும். செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் புதிதாக வந்தவர்களுக்கு இங்கே ஆங்கில வகுப்பு நடக்கும்" என்றார். பிறகு எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, எங்கள் பொன்னாடையோடு படியிறங்கிப் போனார்.

நான் ஆனந்தராஜாவின் பக்கம் திரும்பினேன்.

"சந்தோஷமா அண்ணே? அவங்களை வெளியே தள்ளறதுக்கு வெட்டின குழியில நம்மளையும் சேர்த்துத் தள்ளிட்டீங்க!"

"நான் உண்மையைத்தானே சொன்னனான்? பிள்ளையளுக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு பொய் சொல்லச் சொல்லுறியளே?"

"இங்கிலீஷ் தெரிஞ்சாலும் தமிழ் வேணும்னு சொல்லச் சொல்றேன்! நோரீன் அம்மா சொன்னாங்களே, அதைச் சொல்லச் சொல்றேன்!"

அவர் மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் மானத்தை விட்டுப் படியிறங்கி ஓடினேன். வாசலில் நோரீன் குடையை விரித்துக்கொண்டிருந்தார். தேவாலயத்தின் அந்த இரண்டாவது அறை எங்களுக்குக் கிடைக்குமா, சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு மட்டுமாவது, என்று கேட்டேன். மைக் இருக்காது என்றும் சொன்னேன்.

"போன சனிக்கிழமை நான் உங்கள் கதவைத் தட்டினேன்" என்றார் அவர். "நேற்று வெள்ளிக்கிழமை. எங்களுக்கு மட்டும் கேட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாவது அறையை முதியோர் சங்கம் எடுத்துக்கொண்டது. இல்லாததை எப்படித் தருவேன்? இருந்திருந்தாலும், அந்த மனிதர் இன்று பேசியதற்குப் பிறகு, என் ஆட்கள் சம்மதித்திருக்கமாட்டார்கள்."

பின்னால் ஆனந்தராஜா மகளோடு வந்து நின்றார். நோரீன் அவரைப் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனாலும் கேட்ட கேள்வி குத்தலாக இல்லை.

"எங்களுக்கு டப்ளின் இருக்கிறது. காலம் கடந்தாலும் ஏதோ செய்கிறார்கள். உங்கள் மொழிக்கு அப்படி ஓர் அரசாங்கம் எங்கேயாவது இருந்தால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்களேன்."

என்னைப் படிக்க வைத்த மலேசிய அரசாங்கம் என் நினைவுக்கு வந்தது. அது அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு. இலண்டன் பிள்ளைக்கு அது ஏன் கொடுக்கப் போகிறது? ஆனந்தராஜாவுக்கு என்ன நினைவு வந்ததோ தெரியாது. அவருடைய நாட்டில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை" என்றார் ஆங்கிலத்தில், மிகவும் சின்னக் குரலில்.

நோரீன் தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். சயந்தினி அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். இனிமேல் சனிக்கிழமை தமிழ் வகுப்பு கிடையாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். அவளும் என்னைப் பார்த்தாள். கிடையாது என்று தலையசைத்தேன்.

"யெஸ்!" என்று கத்திக்கொண்டு அவள் நனைந்த படிகளில் துள்ளி இறங்கினாள். பின்னால் வந்த பிள்ளைகள் விஷயம் தெரிந்ததும் அவளோடு சேர்ந்து குதித்தார்கள்.