சுவிட்ச் மேல் பொட்டு

லில்லி புது மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபோது சுவிட்சைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பிக் கிடந்தன. இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. கம்பெனியில் ஸ்க்ரூடிரைவருக்குக்கூடப் பொட்டு. போர்டைப் பொருத்தி, அதிலிருக்கும் சிப்புக்குள் புரோகிராம் ஏற்றுவதுதான் அவள் வேலை. இந்த போர்டுக்கு 3.3 வோல்ட்தான், 5 கொடுத்தால் சிப் கருகிவிடும். சுவிட்சின் ஒரு பக்கம் 3.3, மறு பக்கம் 5. எது எந்தப் பக்கமோ, எண்கள் இரண்டும் பொட்டுக்கு அடியில்.

பழைய மிஷினில் இடப்பக்கம் 3.3. இதில்? துடைத்தால் தெரிந்துவிடும். ஆனால் லில்லி வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் பூஜைப் பொரியை வாங்காமல் போனதற்கு லைனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. இந்த வாரம் பர்மனென்ட் லிஸ்ட் வேறு. அதில் பேர் வந்தால் இடுப்பு ஒடிந்த அப்பா மரியதாஸைக் கரும்பு வெட்டப் போக வேண்டாமென்று சொல்லிவிடலாம். இந்த நேரத்தில் பேச்சு எதுவும் கிளம்பக் கூடாது.

பொட்டு வைத்த மகாலட்சுமி பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தாள்.

“மகா, அத கொஞ்சம் தொடச்சி வுடேன்.”

“ஐய, சாமிக்கு வெச்சதுடி! தானா உதிரட்டும். பழைய மிஷின் மாதிரிதான் இருக்கும், போடு.”

லில்லி இடப்பக்கம் தள்ளினாள். பச்சை விளக்கு எரிந்தது. பாழாய்ப்போன விளக்கு! புரோகிராம் ஏறியதை மட்டும்தான் அது சொல்லும், சிப் பிழைக்குமா என்று சொல்லாது.

மதியம் டெஸ்டிங்கிலிருந்து டிரே டிரேயாகத் திரும்பி வந்தன. ஒரு போர்டுகூட வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் பலராமன் கட்டைவிரலால் பொட்டை ஒரே தேய்ப்பாகத் தேய்த்தார். இடப்பக்கம் 5.

சாமிக்கு வெச்சது என்று யாரும் பதறவில்லை. அவர் தேய்த்தால் அது வெறும் தூசு.

“இன்னாம்மா, தொடச்சிப் பாக்கறதுக்கு இன்னா கேடு?”

லில்லி மகாலட்சுமியைப் பார்த்தாள். அவள் தலையே நிமிரவில்லை. சொன்னால் சாமி மேல் பழி போடுகிறாள் என்பார்கள்.

“தெரியாம பண்ணிட்டேன் சார்.”

“இதுக்கு மேல ஒம்பேர லிஸ்ட்ல எப்பிடிம்மா வெக்கறது? கார்ட குட்த்துட்டு வூட்டுக்குப் போ.”

வூட்டுக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது? அவர் ஒன்றும் கேட்க மாட்டார். காலையில் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பலராமன் வெண்ணிலாவைக் கூப்பிட்டு லில்லியின் இடத்தில் உட்கார வைத்தார். வெண்ணிலா குட்டை, கால் எட்டவில்லை. அந்தப் பழைய ஸ்டூலின் திருகு இறுகிப் போயிருந்தது. எங்கே பிடித்தால் சுற்றும் என்று லில்லிக்குத்தான் தெரியும். தரையில் மண்டி போட்டு, ஸ்டூலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள்.

“போதுமா பாரு,” என்றாள்.